ரேஷன் கார்டில் இருந்த மகள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது.

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் தோணி பழுது பார்க்கிற இடத்தில், கரி அடுப்பில் ரிவெட் காய்ச்சிக் கொடுக்கிறவனாக ஆரம்பித்தேன். வெல்டிங்கை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து, ராத்திரியெல்லாம் கண் எரிய, உருளைக்கிழங்கை வெட்டி இமை மேல் வைத்துக்கொண்டு கற்றுக்கொண்ட தொழில் அது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஓலைக் கொட்டகை போட்டேன். புயலில் இரண்டு தடவை பறந்தது. மூன்றாம் தடவை பறக்காதபடி இரும்பில் போட்டேன். ஒரு லேத் இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. அங்கிருந்து எண்ணூர் வரைக்கும் எத்தனையோ கம்பெனிகளின் கேட்டும் தண்ணீர்த் தொட்டியும் இரும்புப் படியும் என் கை வேலை. காலடிப்பேட்டையில் மாடி வீடு கட்டினேன். முப்பது பேருக்கு வேலை கொடுத்தேன். வேலை மட்டுமில்லை, மதியச் சோறும் போட்டேன், அரிசிக்கு ஊரே அலைந்த அறுபதுகளில்கூட. "அவன் ஷெட்டுக்குப் போனால் வயிற்றுக்குப் பஞ்சமில்லை" என்று எனக்கு அப்போது ஒரு பெயர்.

இதையெல்லாம் ஊர் சொல்லும். ஊர் சொல்லாத ஒரு காரியத்தையும் நான் செய்திருக்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு ஜூன் மாதம், ராயபுரத்தில் நடந்தது அது.

எனக்கு ஒரே பெண். அவளுக்கு நாலு வயதாக இருந்தபோது அவள் அம்மாவும் நானும் பிரிந்தோம். எங்கள் சனத்தில் அதற்குக் கோர்ட்டுக்குப் போகிற வழக்கமில்லை. பெரியவர்கள் ஐந்து பேர் உட்கார்ந்து பேசுவார்கள். பெண்சாதி தாலியைக் கழற்றிப் புருஷன் கையில் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. அப்புறம் அவள் வேறு ஒருவரைக் கட்டிக்கொள்ளலாம். பிரிந்த காரணத்தையும் மறைக்கவில்லை. நான் குடிக்கிறவன் இல்லை. ஆனால் ஷெட்டே கதியென்று கிடந்தேன், வீட்டுக்கு வந்தால் எரிந்து விழுவேன். ஒரு தடவை கை நீட்டினேன். ஒரு தடவை என்பது என் கணக்கு. பஞ்சாயத்தில் அவள் மூன்று என்றாள்.

பாத்திரம், கட்டில், பீரோ எல்லாவற்றையும் பிரித்தார்கள். குழந்தை அம்மாவோடு இருக்கட்டும் என்றார்கள். குழந்தையின் பெயருக்கு முன்னால் நின்ற இனிஷியலை, என் பெயரின் முதல் எழுத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த ஐந்து பெரியவர்களுக்கும் இனிஷியலே கிடையாது. அவர்களுக்கு எப்படித் தோன்றும்?

அடுத்த வாரமே ரேஷன் ஆபீசுக்கு ஆள் அனுப்பி, என் கார்டிலிருந்து பெண்சாதி பெயரை அடிக்கச் சொன்னேன். அவ்வளவு கோபம். பெண்ணின் பெயரை மட்டும் அடிக்க விடவில்லை. அதையும் அடித்துவிட்டால் என் வீட்டில் அவள் இல்லவே இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். கார்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, என் பெயருக்குக் கீழே அவள் பெயர் இருப்பதைச் சில நாள் பார்த்துக்கொள்வேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன்தான். ஆனாலும் அந்த வரியை மட்டும் தடங்கலில்லாமல் படிப்பேன்.

அவள் அம்மா மறுவருஷம் துறைமுகத்தில் கிரேனில் சரக்கு மாட்டுகிற கலாசியாக இருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு ராயபுரம் போனாள். அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். நான் மறுபடி கட்டிக்கொள்ளவில்லை. புருஷனை இழந்த என் அக்கா வந்து வீட்டையும் ஷெட்டு அடுப்பையும் பார்த்துக்கொண்டாள். தீபாவளிக்குப் பெண்ணுக்குத் துணி அனுப்புவேன். இப்படியே ஆறு வருஷம் போயிற்று.

பெண் ஐந்தாவது முடித்தாள். கன்னிகாஸ்திரீகள் நடத்திய அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான் உண்டு. ஆறாவதுக்கு வேறு பள்ளி போகவேண்டும். டி.சி. எழுதுகிற நேரத்தில் அவள் அம்மா, பெண்ணின் இனிஷியலை மாற்றி இப்போதைய புருஷன் எழுத்தைப் போட்டுத் தரவேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறாள். அங்கே தலைமையாசிரியையாக இருந்த சிஸ்டர், அதை முறைப்படி கெஜட்டில் போட்டுத்தான் மாற்றமுடியும், அதற்குப் பெற்ற தகப்பன் சம்மதம் வேண்டும் என்று சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. பெண்சாதி போனாள், பீரோ போயிற்று, கடைசியில் என் எழுத்தும் போகவேண்டுமா? கோர்ட்டுப் பக்கம் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் வீட்டுக்கு ஜன்னல் கம்பி போட்டுக் கொடுத்தவன் நான்.

"நீங்க உயிரோட இருக்கீங்க. நீங்க கையெழுத்து போடாம மைனர் பொண்ணு இனிஷியல் லேசுல மாறாது. அவங்க கோர்ட்டுக்குப் போகலாம். போனா வருஷக்கணக்குல இழுக்கும்" என்றார்.

அது போதும் எனக்கு. என் பெண்ணின் பெயரில் கை வைக்கக்கூடாது என்று அவர் மூலமாகவே பள்ளிக்கூடத்துக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பினேன். சிஸ்டர் டி.சி.யை எழுதாமல் மேஜைக்குள் வைத்துவிட்டார். பெரிய பள்ளியில் ஆறாவதுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். என் பெண் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். சேர்க்கை முடிய ஒரு வாரம் இருக்கும்போது சிஸ்டர் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கூப்பிட்டார்.

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ரேஷன் கார்டை ஒரு கவரில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். தகப்பன் என்பதற்கு ஏதாவது அத்தாட்சி கொண்டுபோங்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். மாநகராட்சிப் பிறப்புச் சீட்டில் 'பெண் குழந்தை' என்று மட்டும்தான் இருந்தது. பெயரோடு என்னிடம் இருந்தது கார்டு ஒன்றுதான்.

வராந்தா பெஞ்சில் என் பெண் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். சிரிக்கவில்லை. உள்ளே அவள் அம்மாவும் அந்தக் கலாசியும் ஏற்கெனவே இருந்தார்கள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த ஆள். என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். நான் கும்பிடவில்லை.

"இந்த ஸ்கூல் கேட்டே நான் போட்டதுதான் சிஸ்டர்" என்று ஆரம்பித்தேன்.

"அப்படியா? அது சரியா சாத்த மாட்டேங்குதே" என்றார் சிஸ்டர்.

"கீல்ல எண்ண வுடணும் சிஸ்டர்."

"வந்தவொடனே கேட்டு கதைய எடுத்துட்டாரு பாருங்க" என்றாள் பெண்ணின் அம்மா. "யோவ், இத்தினி வருசத்துல ஒரு தபா வந்து பொண்ண எட்டிப் பாத்தியா நீ?"

"தீவாளிக்குத் தீவாளி துணி அனுப்பலையா?"

"துணி! கிளாஸ்ல பேர் கூப்புட சொல்லோ இவளுக்கு ஒரு எழுத்து, வூட்ல அப்பா, தம்பிக்கு வேற எழுத்து. 'உனுக்கு எத்தினி அப்பா'ன்னு பசங்க கேக்குதுங்க. அழுதுகினே வூட்டுக்கு வர்றா. பெரிய ஸ்கூலுக்குப் போயும் அவ அத்தயே கேட்டுக்கினு இருக்கணுமா?"

கலாசி மெதுவாகக் குறுக்கே பேசினார். "எழுத்து அவருதே இருக்கட்டும்மே. அட்மிசன் முடிஞ்சிடப் போவுது. மொதல்ல பாப்பா ஸ்கூல்ல சேரட்டும்."

"நீ சும்மா குந்து" என்று அவள் அவரை அடக்கினாள். "இப்ப மாத்தலன்னா அப்பால எப்பவும் மாறாது."

எனக்கு அவர் விட்டுக்கொடுத்ததுதான் பிடிக்கவில்லை. என் எழுத்தை எனக்கே தானம் செய்ய இந்த ஆள் யார்? கவரைப் பிரித்துக் கார்டை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"பெத்தவன் எழுத்த அழிக்க யாருக்கும் ரைட்டு இல்ல சிஸ்டர். இவங்க என் பொண்ண கூட்டிக்கினு பூட்டாங்க. நான் வுடல. எங்க வூட்ல அவ பேரு இன்னிக்கும் கீது. நீங்களே படிச்சிப் பாருங்க."

அந்தப் பள்ளியில் அநாதைப் பிள்ளைகள் சிலர் தங்கிப் படித்தார்கள். அவர்கள் ரேஷனையெல்லாம் சிஸ்டர்தான் பார்த்துக்கொண்டார் போலிருக்கிறது. கார்டு அவருக்குப் பழகிய விஷயம். பெயரைப் படித்தார். அதோடு நிறுத்தவில்லை. பக்கத்தைத் திருப்பி, கடைக்காரன் வாராவாரம் போட்ட கிறுக்கல்களை விரலை ஓட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவள் அம்மாவைக் கேட்டார்.

"குழந்தைக்கு நீங்க எந்த கார்டுல அரிசி வாங்கினீங்க?"

"எந்த கார்டுலயும் இல்ல சிஸ்டர். அங்க பேர் அடிச்சி சீட்டு குடுத்தாத்தான் இங்க ஏத்துவேன்றாங்க. எம்பேர ஒடனே அடிச்சிட்டாரு, அதனால என்ன ஏத்திக்கினாங்க. இவ பேர அடிக்கல."

"ஆறு வருஷமாவா? அப்ப அவளுக்கு சாப்பாடு?"

அவள் பக்கத்திலிருந்த மனுஷனைப் பார்த்தாள். அவர் நெளிந்தார்.

"அதெல்லாம் இன்னாத்துக்கு சிஸ்டர் இப்போ? எங்க பங்கு இருந்திச்சி. எனக்கு சின்ன வயசுலேர்ந்தே கேவுருதான் ஒத்துக்கும். சோறு துன்னா தூக்கம் வந்துரும். கிரேனாண்ட தூங்க முடியுமா?"

"பொய்யி சிஸ்டர். இவரு சோத்துக்கு உசிர வுடுவாரு. பாப்பா துன்னட்டும் பாப்பா துன்னட்டும்னு கேவுருக் களியத் துன்னுக்கினு கீறாரு, நாங்கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து." பிறகு என் பக்கம் திரும்பினாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "முப்பது பேருக்கு சோறு போட்டேன், முப்பது பேருக்கு சோறு போட்டேன்னு எண்ணூரு வரிக்கும் சொல்லிக்கினு கீறியே. அதுல ஒரு கை எம்பொண்ணுது."

கார்டை மடித்தேன். அது பழைய மடிப்பில் விழாமல் குறுக்கே மடிந்தது. அப்படியே சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பெண் மறுபடி எழுந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன்.

வழியெல்லாம் ஒரு ஞாபகம் குடைந்தது. பிரிந்த மறுவருஷம், பெண்ணின் பெயரைக் கார்டிலிருந்து எடுத்துத் தரச் சொல்லி அவள் அம்மா யாரோ ஒருத்தியிடம் சொல்லி அனுப்பினாள். "என் பொண்ணு பேர எடுக்கச் சொல்ல அவ யாரு?" என்று விரட்டிவிட்டேன். பெண்ணை முழுசாகப் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. சத்தியமாக அரிசி ஞாபகம் வரவில்லை. ரேஷன் கடை எந்தச் சந்தில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போய் அக்காவைக் கேட்டேன்.

"பாப்பா பங்கும் வாங்கிக்கினு இருந்தியாக்கா?"

"வாங்காம? வுட்டா அடுத்த வாரம் கெடையாதும்பான். நீதானடா பேர அடிக்காதன்ன?"

"அது இன்னா ஆச்சி?"

"இன்னா ஆவும்? ஷெட்டு பானையிலதான் போச்சி."

அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் சொன்னதைத்தான் செய்தாள்.

மறுநாள் காலை கார்டையும் பையையும் எடுத்துக்கொண்டு நானே ரேஷன் கடைக்குப் போய் வரிசையில் நின்றேன். "நைனா, நீங்களா? ஆளனுப்பக்கூடாதா?" என்று கடைக்காரர் முன்னால் கூப்பிட்டார். போகவில்லை. என் முறை வந்ததும், குழந்தை பங்கை மட்டும் தனியாக நிறுத்துப் போடச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போட்டார். பெரியவர்களுக்கு முழுப் பங்கு, குழந்தைக்கு அரைப் பங்கு. துண்டை விரித்து வாங்கினேன். ஒரு முடிச்சுக்குள் அடங்கிவிட்டது. டன் கணக்கில் இரும்பு தூக்கியவன் நான். அந்த முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு கடை ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவுதானா ஒரு வாரத்துக்கு? இவ்வளவைக்கூட நான் விட்டுவைக்கவில்லை. கோபத்தில் நான் அடித்த பெயருக்குச் சோறு கிடைத்தது. பாசத்தில் நான் வைத்த பெயருக்குக் கிடைக்கவில்லை.

அங்கிருந்து நேரே ரேஷன் ஆபீசுக்குப் போனேன். ஒரு பெயரை நீக்கவேண்டும் என்றேன். குமாஸ்தா ஒரு பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு தலை நிமிராமல் கேட்டார்.

"காரணம்?"

"இன்னா காரணம் போடணும்?"

"ரெண்டுதான் நைனா. ஆள் செத்திருக்கணும், இல்ல வேற வூட்டுக்குப் போயிருக்கணும். எது?"

கையிலிருந்த கார்டை விரித்து அந்த வரியை ஒரு தடவை படித்தேன். பின்னால் நின்றவர், "சீக்கிரம் சொல்லுய்யா" என்றார்.

"நல்லா கீறா" என்றேன். "வேற வூட்ல கீறா."

குமாஸ்தா சிவப்பு மையைத் தொட்டு, அந்தப் பெயரின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டார். நான் தடங்கலில்லாமல் படித்த ஒரே வரி அது. நீக்கியதற்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு, ராயபுரம் பஸ் பிடித்தேன்.

சிஸ்டரிடம் சொல்லி மறுபடி எல்லோரையும் வரவழைத்தேன். முதலில் ரேஷன் சீட்டைப் பெண்ணின் அம்மா முன்னால் வைத்தேன். அப்புறம், சம்மதம் எழுத என்ன காகிதம் வேண்டும் என்று சிஸ்டரைக் கேட்டேன். அவர் உடனே எழுதவில்லை.

"உங்களுக்கு வேற குழந்தை இல்லைன்னு கேள்விப்பட்டேன். யோசிச்சுதான் சொல்றீங்களா?"

"யோசிச்சா போடமாட்டேன் சிஸ்டர். இப்பவே எழுதுங்க."

கலாசி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாணாம் நைனா. பேர் இன்னா பேர். உங்க கொழந்த அது."

"வாணான்னு சொல்லிச் சொல்லியே நீ எல்லாத்தையும் வாங்கிக்கற ஆளுய்யா" என்றேன். சிஸ்டர் சிரித்துவிட்டார். கலாசிக்கு மட்டும் கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு நான் அவருக்குக் கும்பிடு போட்டேன். முந்தைய தடவை போடாததையும் சேர்த்துத்தான்.

முத்திரைத்தாள் வாங்கி வந்து சிஸ்டர் எழுதினார். பெற்ற தகப்பனாகிய நான், என் மைனர் மகளின் இனிஷியலை மாற்றிக்கொள்ள முழு மனதோடு சம்மதிக்கிறேன் என்று வாசித்துக் காட்டினார். 'முழு மனதோடு' என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். இருக்கட்டும் என்றேன். கையெழுத்துப் போட எனக்கு எப்போதும் நேரமாகும். ஒவ்வொரு எழுத்தாக வரைகிறவன். என் பெயரின் முதல் எழுத்துதான் என் பெண்ணின் பெயருக்கு முன்னால் நின்றது. அதை மட்டும் மற்ற நாளைவிட அழுத்திப் போட்டேன். தாள் கொஞ்சம் கிழிந்தது.

வெளியே வந்தபோது பெண் வராந்தாவில் நின்றாள். அம்மா விஷயத்தைச் சொல்லியிருக்கவேண்டும்.

"இனிமே உங்கள நான் இன்னான்னு கூப்புடறது?" என்று கேட்டாள்.

"இப்ப இன்னான்னு கூப்புடற?"

"நைனான்னு."

"அப்படியே கூப்புடு. அதுக்கு கெஜட்டு வாணாம்" என்றேன்.

அந்த வாரமே பழைய எழுத்தோடு அவள் ஆறாவதில் சேர்ந்தாள். கெஜட் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று பெரிய பள்ளியில் சிஸ்டர் பேசிவைத்திருந்தார். சில மாதம் கழித்து அச்சாகி வந்தது. அதில் பழைய பெயர், புதிய பெயர், கீழே அவள் அம்மாவின் பெயர். நான் எழுதிக்கொடுத்த சம்மதம் ஏதோ ஒரு ஃபைலுக்குள் போய்விட்டது.

பெண் நன்றாகப் படித்து நர்ஸ் ஆனாள். அந்தக் கலாசி கடைசியில் படுக்கையில் விழுந்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டதும் அவள்தான். அவர் சாவுக்கு நானும் போயிருந்தேன். 'ஊரான் பிள்ளைக்குத் தன் எழுத்தைக் கொடுத்த மகராசன்' என்று பேசினார்கள். நியாயமான பேச்சு. அதற்கு மேலும் பேசலாம். ஆனால் அதே வாய்கள் என்னைக் காட்டி, 'பெத்தவன் கைகழுவிட்டுப் போயிட்டான்' என்றும் சொன்னதை என் காதால் கேட்டேன். சாவு வீட்டில் சண்டை போடக்கூடாது என்று பேசாமல் வந்தேன். அன்றைக்கு விழுங்கிய பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் கைகழுவவில்லை. அந்தக் குழந்தைக்கு நான் செய்த தவறு இன்னதென்று மறைக்காமல் எழுதிவிட்டேன். ஆகவே செய்த நல்லதையும் எழுத எனக்கு உரிமை உண்டு. அந்த மனுஷன் வருஷக்கணக்கில் களி தின்று செய்த காரியத்தின் முன்னால் என் பங்கு சின்னதுதான், ஒரு கையெழுத்துப் போடுகிற நேரம். ஆனால் அந்தக் கையெழுத்தை அவரால் போட்டிருக்க முடியாது, அவள் அம்மாவால் முடியாது, சிஸ்டரால் முடியாது. உலகத்தில் என் ஒருவனால்தான் முடியும், நான் போட்டேன். பிடித்து வைத்திருப்பது மட்டும் தகப்பன் வேலை இல்லை என்று அந்த மேஜையில்தான் கற்றுக்கொண்டேன். அவள் கதையை இனி யார் சொன்னாலும், இவளுடைய தகப்பன் சம்மதித்தான் என்ற ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லவேண்டும், அது எனக்கு வரவேண்டியது.